கிற்றார்க் கலைஞனும் முகமற்ற முதலாளியும்

அண்மைக் காலமாக எமது இளைஞர் மத்தியில் ஒரு புதிய வேதம் ஓதப்பட்டு வருகின்றது. "கையிலே ஒரு கிற்றார், சட்டைப் பையிலே ஒரு கைத்தொலைபேசி. இவ்விரண்டும் இருந்தால் எவர் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஹோட்டல் முகாமையாளனும் வேண்டாம், விழா அமைப்பாளனும் வேண்டாம். யூரியூப்பிலும் ரிக்ரொக்கிலும் உன்னை நீயே அரங்கேற்று. உனக்கு நீயே முதலாளி." இதுவே அவ்வேதத்தின் சாரம். வேலையற்ற இளைஞனுக்கு வேலை கொடுக்க இயலாத சமுதாயம், அவனுக்கு 'முயற்சியாளன்' என்ற பட்டத்தை வழங்கிவிட்டுத் தன் கடமை முடிந்ததென நிம்மதி கொள்கின்றது.

இதற்கு எதிர்முனையில் நின்று ஒப்பாரி வைப்போரும் உளர். கைத்தொலைபேசி வந்தது, கலை செத்தது என்பர் அவர்கள். மேடையே கோயில், இரசிகர் கூட்டமே தெய்வம், திரையில் வாசிப்பவன் வியாபாரி என்பது அவர்கள் முடிபு. மேடையில் வாசித்தவனின் வீட்டிலே அடுப்பு எரிந்ததா என்று அவர்கள் எட்டிப் பார்த்ததில்லை.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினும் இருவரும் செய்யும் தவறு ஒன்றே. கலைஞன் எங்கே வாசிக்கின்றான் என்பதை மட்டுமே இருவரும் நோக்குகின்றனர். அவனுக்குக் கூலி கொடுப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு கொடுக்கின்றார்? அவ்வளவுகோலை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது? இவ்வினாக்களை எழுப்பாது மேடையா, திரையா என்று வாதிடுவது, வயல் யாருக்குச் சொந்தம் என்று கேளாது ஏரா, உழவு இயந்திரமா என்று வாதிடுவதை ஒக்கும்.

முதலில் மேடையை எடுத்துக்கொள்வோம். கிற்றார் எமது நாட்டில் நெடுங்காலமாக மக்களோடு கலந்துவிட்ட வாத்தியம். பைலாப் பாடல்களோடும், 1960 களில் தோன்றிய மூன்ஸ்ரோன்ஸ் போன்ற குழுக்களோடும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த தமிழ்ப் பொப்பிசையோடும் அது ஊர்தோறும் சென்றது. ஆயினும் கிற்றாரையே பிழைப்பாகக் கொண்டவன் பெரும்பாலும் திருமண மண்டபங்களையும் கரையோர ஹோட்டல்களையும் நம்பியே வாழ வேண்டியிருந்தது. இரவு உணவு வேளையில் மேசைக்கு மேசை சென்று, உண்போர் விரும்பிய பாட்டை வாசித்து, அவர்கள் மனமிரங்கி வைக்கும் பணத்தையும் எதிர்பார்த்து நிற்கும் கலிப்சோக் குழுக்களை நாம் யாவரும் அறிவோம். தென்மேற்குக் கரையிலே மார்கழி முதல் சித்திரை வரை ஒரு பருவம். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் வைகாசி முதல் புரட்டாதி வரை இன்னொரு பருவம். இடைப்பட்ட மாதங்களில் அவன் என்ன உண்கின்றான் என்பது எவருடைய பதிவேட்டிலும் இல்லை.

2018 இல் இந்நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை 23 இலட்சத்துக்கு மேல். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்கும் 2020 இன் கொவிட் முடக்கத்துக்கும் பின்னர், 2021 இல் அத்தொகை 2 இலட்சத்தைக் கூட எட்டவில்லை. அதன் பின் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் நெடுநேர மின்வெட்டும் வந்தன. 2024 இல் பயணிகளின் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஹோட்டல்களில் விளக்குகள் மறுபடி எரிந்தன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கிற்றாரை விற்று முச்சக்கர வண்டிக்கு முற்பணம் கட்டியவனை எந்தப் புள்ளிவிவரம் மேடைக்குத் திருப்பி அழைத்தது? ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இந்நாட்டில் 1958 முதல் உள்ளது. ஆனால் ஒரு இரவுக்கென அழைக்கப்படும் இசைக் கலைஞனுக்கு 'ஒப்பந்தக்காரன்' என்று பெயர் சூட்டி, அச்சட்டத்தின் நிழலிலிருந்து அவனை அகற்றிவிடுவது எளிதினும் எளிது.

செல்வந்த நாடுகளின் மேடை இதனிலும் மேலானது என்று எவரும் மயங்க வேண்டாம். பிரித்தானியாவில் 2023 இல் இசைக்கலைஞர் சங்கமும் 'ஹெல்ப் மியூசீசியன்ஸ்' என்ற அமைப்பும் சேர்ந்து இசைக் கலைஞரிடையே ஒரு கணக்கெடுப்பை நடத்தின. அவர்கள் இசையால் ஈட்டியது சராசரியாக ஆண்டுக்கு 20,700 பவுண். நூற்றுக்கு 43 பேர் 14,000 பவுணுக்கும் குறைவாகவே ஈட்டினர். அதே ஆண்டில் அந்நாட்டின் சிறிய இசை அரங்குகளுள் 125 மூடுண்டன, அல்லது இசை நிகழ்ச்சிகளைக் கைவிட்டன. இளங்கலைஞன் முதன்முதலாக ஏறுவது இத்தகைய சிற்றரங்கிலேதான்.

எனவே மேடையில் மனம் கசந்த இளைஞனுக்குத் திரை விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அத்திரை தந்த நன்மைகளை மறைப்பதும் எமது நோக்கமன்று. ஜஸ்ரின் சண்டர்கோ என்ற ஆசிரியர் 2003 முதல் இணையத்தின் வழியே இலவசமாகக் கிற்றார் கற்பித்து வருகின்றார். கட்டணம் செலுத்த வசதியற்ற பிள்ளைகள் உலகெங்கும் அவர் போன்றோரிடம் பயின்றுள்ளனர். வன்னியின் ஒரு கிராமத்துச் சிறுவன், சங்கீத ஆசிரியரே இல்லாத பாடசாலையில் இருந்துகொண்டு விரல் வைக்கும் முறையை இன்று கற்க முடியும். இரவு நேர ஹோட்டல் மேடை எந்நாளும் பெண்களுக்கு எளிதில் திறக்காத கதவாகவே இருந்தது. வீட்டிலிருந்தபடியே தன் வாசிப்பை உலகறியச் செய்யும் வாய்ப்பைத் திரை பெண்ணுக்கு அளித்தது. இவை சிறிய காரியங்களல்ல. கருவியை நாம் வெறுக்கவில்லை. கருவியின் உடைமையாளன் யார் என்று கேட்கின்றோம்.

'உனக்கு நீயே முதலாளி' என்ற வாக்குறுதியை இவ்விடத்தில் உரைத்துப் பார்ப்போம். யூரியூப் நிறுவனம் 2018 ஜனவரியில் ஒரு விதியை அறிவித்தது. 1,000 சந்தாதாரரும் ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவனுக்கு விளம்பர வருவாயில் பங்கில்லை என்பதே அவ்விதி. ஆறு நிமிடப் பாடமொன்றை ஒருவர் முழுமையாகப் பார்ப்பதாகக் கொண்டால், 40,000 தடவை அது பார்க்கப்பட வேண்டும். குறுங்காணொளிகளை மட்டும் நம்புபவனுக்கோ 90 நாள்களில் 1 கோடிப் பார்வைகள் வேண்டும். இவ்வெல்லையை எட்டாதவனின் வாசிப்பிலே விளம்பரம் காட்டப்படுவதில்லையா என்றால், காட்டப்படலாம். 2020 நவம்பரில் மாற்றப்பட்ட விதிகளின்படி, பங்காளராக ஏற்கப்படாதவரின் காணொளியிலும் விளம்பரம் காட்டும் உரிமையை அந்நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவ்வருவாய் முழுவதும் நிறுவனத்துக்கே. வாசித்தவனுக்கு ஒரு சதமும் இல்லை. உழுதவனுக்கு ஒரு கைப்பிடி நெல்லும் அளக்காத நிலவுடைமையாளனை நாம் கதைகளில் படித்திருக்கின்றோம். இங்கு அவன் கணினி வடிவில் எழுந்தருளியிருக்கின்றான்.

எல்லையைத் தாண்டியவனின் நிலை யாது? நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு அவனுக்கு. 2023 முதல் குறுங்காணொளிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 பங்கு. கேட்பதற்குத் தாராளமாகவே தோன்றும். ஆனால் இலங்கையிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு விளம்பரக்காரன் கொடுக்கும் விலை, அமெரிக்காவிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பின்னமே. ஆகவே பிழைக்க விரும்பும் யாழ்ப்பாணத்துக் கிற்றார்க்காரன் யாழ்ப்பாணத்தவருக்காக வாசிப்பது இலாபமற்ற செயலாகின்றது. அயல்நாட்டவன் அறிந்த பாட்டையே அவன் அயல்நாட்டவனுக்காக வாசிக்க வேண்டும். ஹோட்டல் மேசையருகே நின்று வெள்ளைக்காரப் பயணிக்கு அவன் எதை வாசித்தானோ, அதையே இப்போது தன் அறையிலிருந்து வாசிக்கின்றான். பயணி வைத்துச் சென்ற பணம் மட்டும் இல்லை.

தன் மக்கள் விரும்பும் திரைப்படப் பாட்டையாவது வாசிக்கலாமே எனின், அங்கும் ஒரு பொறி உண்டு. பதிப்புரிமையுள்ள இசையைத் தானாகவே கண்டறியும் இயந்திரமொன்று 2007 முதல் யூரியூப்பில் இயங்குகின்றது. பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் விரும்பினால் அக்காணொளியைத் தடுக்கலாம். அல்லது அதன் வருவாயைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பாட்டை ஆக்கியவருக்கு உரியது கிடைக்க வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் அவ்வுரிமை பல வேளைகளில் ஆக்கியவர் கையில் இல்லை. இசைத்தட்டு நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கின்றது. மேடையில் அதே பாட்டை வாசித்தவன் அன்றிரவுக்குரிய கூலியையாவது பெற்று வீடு திரும்பினான்.

ஸ்பொட்டிஃபை நிறுவனத்தின் கதையும் இதுவே. முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு உரிமைப் பணம் இல்லை என்ற விதியை அது 2024 முதல் நடைமுறைப்படுத்தியது. சிறியவனுக்குச் சேர வேண்டிய சில்லறை ஒன்றுதிரட்டப்பட்டுப் பெரியவனின் பங்கோடு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ரிக்ரொக்கும் யூனிவேர்சல் இசை நிறுவனமும் விலை பேசுவதில் முரண்பட்டன. அந்நிறுவனத்தின் பாடல்கள் ரிக்ரொக்கில் ஒலிக்காமல் நின்றன. மே மாதத்தில் இருவரும் உடன்பட்டதும் அவை மீண்டன. இரு யானைகள் மோதி, பின் சமாதானமும் செய்துகொண்டன. இடையில் மிதிபட்ட புல்லிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

வாழ்வுக்கு நேர்ந்த கேடு இது. கலைக்கு நேர்வதையும் பார்க்க வேண்டும். பிரேசில் நாட்டுக் கிற்றார்க் கலைஞர் மத்தேயுஸ் அசாட்டோ, இன்ஸ்ரகிராமில் இட்ட சிறு காட்சிகளால் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தம்பால் ஈர்த்தவர். 2021 இன் தொடக்கத்தில் அவர் தமது பக்கத்தையே மூடிவிட்டு விலகினார். பின்னர் அவர் திரும்பி வந்தாராயினும், திரையால் மிகுந்த புகழ் பெற்ற ஒருவரே அதிலிருந்து தப்பியோட நேர்ந்தமை சிந்திக்கத் தக்கது. முதல் மூன்று விநாடிக்குள் விரல் வித்தை காட்டாவிட்டால் பார்ப்பவன் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுவான் என்ற அச்சத்தில் பிறக்கும் இசைக்கு ஆரம்பம் உண்டு. வளர்ச்சியும் இல்லை, முடிவும் இல்லை. மௌனத்துக்கு அங்கு இடமே இல்லை. நாளாந்தம் ஒன்று தராவிட்டால் இயந்திரம் மறந்துவிடும். ஆகவே காய்ச்சலோடும் வாசிக்க வேண்டும், சோகத்தோடும் சிரிக்க வேண்டும்.

இறுதியில் அவன் எதனால் பிழைக்கின்றான்? விளம்பரப் பங்கு போதாமையால் கிற்றார், தந்தி, ஒலிபெருக்கி முதலியவற்றை உற்பத்தி செய்வோரின் பொருள்களைக் காட்டி, புகழ்ந்து, தரகு பெறுகின்றான். 2020 இல் உலகெங்கும் மேடைகள் மூடப்பட்டு இசைக் கலைஞர் தொழிலின்றித் தவித்தனர். அதே ஆண்டில் பெண்டர் என்ற கிற்றார் உற்பத்தி நிறுவனம் தன் வரலாற்றிலேயே மிகக் கூடிய விற்பனையை ஈட்டியது. கிற்றார் வாசிப்பவன் பட்டினி கிடக்க, கிற்றார் விற்பவன் கொழுத்தான். இசையை விற்க வந்தவன் வாத்தியத்தை விற்பவனின் சம்பளமற்ற கடைச் சிப்பந்தியாக மாறுவதே திரை காட்டும் சுதந்திரத்தின் உச்சி.

திரையிலே பெயர் பெற்றுப் பின் மேடையிலே பணம் பெறலாம் என்போருக்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். யூரியூப்பால் புகழ் பெற்ற பொம்பிளமூஸ் என்ற அமெரிக்க இசைக்குழு 2014 இல் 28 நாள்களில் 24 கச்சேரிகளை நிகழ்த்தியது. வரவு 135,983 டொலர். செலவு 147,802 டொலர். நட்டம் 11,819 டொலர். குழுவின் ஜாக் கொன்ரி இக்கணக்கைப் பகிரங்கப்படுத்தினார். இரசிகரிடம் மாதந்தோறும் ஆதரவுப் பணம் திரட்டித் தரும் பேற்றியன் என்ற நிறுவனத்தையும் அவரே 2013 இல் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கியிருந்தமையால், இது அதற்கான விளம்பரமே எனச் சிலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே, ஆயினும் கணக்கு கணக்குத்தான். பின்னணி வாத்தியக்காரருக்கும் பணியாளருக்கும் கூலி கொடுத்து, வண்டிக்கும் தங்குமிடத்துக்கும் செலவிட்டால், அரங்கு நிறைந்தும் கை நிறைவதில்லை. ஒன்றிலே இழந்ததை மற்றதிலே மீட்கலாம் என்ற கனவு அவ்வளவுதான்.

அப்படியாயின் மேடையும் திரையும் சமமான தீமைகளா? இல்லை. இவ்விரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு; எமது வாதத்தின் மையமும் அதுவே. மேடையின் முதலாளிக்கு முகம் உண்டு. அவன் எவ்வளவு தருகின்றான் என்பது தெரியும். பக்கத்து ஹோட்டலில் எவ்வளவு தருகின்றார்கள் என்பதும் தெரியும். ஐந்து வாத்தியக்காரர் ஒன்றுசேர்ந்து, "இத்தொகைக்குக் குறைவாக வாசிக்க மாட்டோம்" என்று கூறினால் அவன் செவிகொடுத்தே ஆக வேண்டும். திரையின் முதலாளிக்கு முகமில்லை. அவனுடைய அளவுகோல் இரகசியம். நேற்று ஆயிரம் பேருக்குக் காட்டப்பட்ட வாசிப்பு இன்று ஏன் பத்துப் பேருக்குக் காட்டப்படுகின்றது என்று கேட்கக் கதவு இல்லை, கதவில் மணியும் இல்லை. ஒவ்வொரு கலைஞனும் தன் அறையில் தனித்திருந்து, தன் சக தொழிலாளியைப் போட்டியாளனாக எண்ணிக்கொண்டு, இலக்கங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றான். தொழிலாளரைச் சந்திக்கவே விடாத தொழிற்சாலையை முதலாளித்துவம் இப்போதுதான் கட்டி முடித்திருக்கின்றது.

ஆயினும் முகமற்ற முதலாளியை வெல்ல முடியாதென்று விரக்தியடைய வேண்டியதில்லை. இயந்திரம் இசைக் கலைஞனின் கூலியைப் பறித்தது இதுவே முதற் தடவையன்று. பேசும் படம் வந்தபோது திரையரங்குகளில் வாத்தியம் வாசித்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். இசைத்தட்டும் வானொலியும் எஞ்சியோரின் வேலையைத் தின்றன. 1942 ஆகஸ்ட் முதலாந் திகதி, ஜேம்ஸ் பெற்றிலோவின் தலைமையில் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நிறுவனங்கள் வாத்தியமின்றிக் குரல்களை மட்டும் கொண்டு பாடல்களைப் பதிவு செய்து பார்த்தன. 1943 இல் டெக்கா நிறுவனம் பணிந்தது. 1944 நவம்பரில் கொலம்பியாவும் விக்ரரும் பணிந்தன. இசைத்தட்டு விற்பனையிலிருந்து ஒரு பங்கு ஒரு நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும், அந்நிதியிலிருந்து கலைஞருக்குக் கூலி கொடுத்து மக்களுக்கு இலவச இசை நிகழ்ச்சிகள் நடத்தப்பட வேண்டும் என்பதே உடன்பாடு. பின்னர் அந்நாட்டின் தொழிலாளர் சட்டம் அதற்குத் தடையிட்டபோது, மீண்டும் போராடி 1948 இல் அதனைச் சுயாதீன நம்பிக்கை நிதியாக நிறுவினர். இயந்திரத்தை அவர்கள் உடைக்கவில்லை. இயந்திரம் ஈட்டும் பணத்திலிருந்து மேடைக்குரிய பங்கைக் கேட்டு வாங்கினர்.

இன்றும் அத்தகைய குரல்கள் எழுந்துள்ளன. 2020 இல் அமெரிக்காவில் உருவான இசைக்கலைஞர், இணைத் தொழிலாளர் சங்கம், ஒரு தடவை கேட்பதற்கு ஒரு சதமாவது தருக என்று கோரி 2021 மார்ச்சில் பல நகரங்களில் ஸ்பொட்டிஃபை அலுவலகங்களின் முன் ஆர்ப்பாட்டம் செய்தது. பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று, மாபெரும் அரங்குகளின் நுழைவுச் சீட்டுகளில் ஓர் அறவீட்டை விதித்துச் சிற்றரங்குகளைக் காக்க வேண்டும் என்று 2024 மே மாதத்தில் பரிந்துரைத்தது.

எனவே எமது விடை தெளிவானது. திரையைக் கலைஞன் விளம்பரப் பலகையாகவும் பள்ளிக்கூடமாகவும் பயன்படுத்தட்டும்; அதனைத் தன் வயல் என்று நம்பி ஏமாற வேண்டாம். மேடையை அவன் கைவிடலாகாது. அது புனிதமானது என்பதற்காக அன்று, கூலியைக் கூட்டாகப் பேசக்கூடிய இடம் அதுவே என்பதற்காக. ஹோட்டல்களும் மண்டபங்களும் எழுத்து மூல ஒப்பந்தமும், இரவொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலியும், நிகழ்ச்சி இரத்தானால் இழப்பீடும் வழங்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அரங்காற்றுவோரின் உரிமைகளை ஏற்கின்றது. ஏட்டிலுள்ள அவ்வுரிமையைக் கையில் வாங்கித் தர வலுவான சங்கங்கள் வேண்டும். இந்நாட்டவரின் கண்களைக் காட்டி விளம்பரப் பணம் ஈட்டும் நிறுவனங்கள், அதில் ஒரு பங்கை இந்நாட்டின் மேடைகளுக்குச் செலுத்துமாறு சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட வேண்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள பங்கு சிறிதன்று. பாடசாலை விழாக்களுக்கும் சங்க ஆண்டு விழாக்களுக்கும் கிற்றார்க் கலைஞனை அழைத்து, மூன்று மணி நேரம் வாசிக்க வைத்து, பொன்னாடை போர்த்திப் படமெடுத்து, "உமக்கு நல்ல விளம்பரம்" என்று கூறி வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கும் உண்டு. பந்தல்காரனுக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் சிற்றுண்டிக்காரனுக்கும் பணம் உண்டு. இசைத்தவனுக்கு மட்டும் பொன்னாடை. யூரியூப் செய்வதும் இதுவேயல்லவா? முற்போக்கு மேடைகளிலேனும் இவ்வழக்கம் இன்றோடு ஒழியட்டும். விழாவின் வரவுசெலவுத் திட்டத்தில் முதற் செலவாகக் கலைஞனின் கூலி எழுதப்படட்டும். மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலை மண்டபங்களும் பிரதேச சபை மண்டபங்களும் சிறு கட்டணத்தில் இளங்கலைஞருக்குத் திறக்கப்படட்டும். நுழைவுச் சீட்டு வாங்கி அங்கு சென்று அமர்வோரே கலைஞனின் முகமுள்ள இரசிகர். அவனுடைய போராட்டத்தில் தோள் கொடுக்கக் கூடியவரும் அவர்களே.